உங்களுக்குத் தெரியுமா? டென்மார்க்கில் திரும்பி வரும் பொருட்கள்

◆ கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் கடலோரத்தில் கலுண்ட்போர் என்ற சிற்றூர் வரும். மக்கள்தொகை 16,000ஐ ஒட்டித்தான். ஓர் ஆலையின் கழிவைப் பக்கத்து ஆலை வாங்கி மூலப்பொருளாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு உலகெங்கும் பாடநூல்கள் முதலில் காட்டுவது இந்த ஊரைத்தான். தொடக்கம் சூழலியல் மாநாட்டில் நடக்கவில்லை, தண்ணீர்த் தட்டுப்பாட்டில் நடந்தது. 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தபோது அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் அதற்குத் தாங்காது என்று தெரிந்தது. டிஸ்ஸோ ஏரியிலிருந்து குழாய் பதித்தார்கள். பதித்தது நகராட்சி, செலவை ஏற்றது ஆலை. ஊரும் ஆலையும் சேர்ந்து ஒரு கணக்கு எழுதிப் பழகியது அப்போதுதான்.

◆ அந்தச் சுத்திகரிப்பு ஆலை வேண்டாத வாயுவைப் புகைபோக்கி உச்சியில் எரித்துக்கொண்டிருந்தது. 1972இல் ஜிப்சம் பலகை செய்யும் நிறுவனம் ஒன்று பக்கத்தில் வந்து அமர்ந்து, பலகைகளை உலர்த்த அந்த வாயுவை வாங்கிக்கொண்டது. கதை அங்கே நிற்கவில்லை. ஊரின் அஸ்னெஸ் அனல் மின்நிலையம் நிலக்கரிப் புகையிலிருக்கும் கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக் குழம்பில் பிடிக்கத் தொடங்கியதும் அதில் ஜிப்சம் விளைந்தது. 1993 முதல் அதையும் பலகை ஆலையே எடுத்துக்கொண்டது. அதுவரை அந்த ஆலைக்கு ஜிப்சம் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.

◆ கலுண்ட்போரில் மின்நிலையத்தின் மிச்ச வெப்பம் 1981 முதல் குழாய் வழியாக வீடுகளுக்குப் போகிறது. ஏறத்தாழ 3,500 வீட்டு எண்ணெய் அடுப்புகள் அதனால் அணைந்தன. நீராவி ஆலைகளுக்குப் போனது. வெதுவெதுப்பான குளிர்விப்பு நீரில் மீன் வளர்த்தார்கள். பறக்கும் சாம்பல் சிமென்டுக்குப் போனது. உலகின் இன்சுலின் தேவையில் பெரும் பங்கை உற்பத்தி செய்யும் நோவோ நோர்டிஸ்க் ஆலையும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இன்சுலினைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் ஈஸ்ட் பன்றிகளுக்குத் தீவனமானது. நொதிப்பு முடிந்த சேறு 1976லிருந்து சுற்றுவட்டார வயல்களுக்கு உரமாகப் போனது. டென்மார்க்கில் மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம் என்பதால் தீவனத்துக்கு வாங்குவோர் பஞ்சமே இல்லை.

◆ இத்தனைக்கும் திட்டம் போட்டது யார்? ஒருவரும் இல்லை. கலுண்ட்போரின் ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் இரண்டு நிறுவனங்கள் தமக்குள் எழுதிக்கொண்ட தனி ஒப்பந்தம்தான் இருந்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் லாபம் தெரிந்தால் குழாய் போட்டார்கள், தெரியாவிட்டால் விட்டார்கள். மேலாளர்கள் ஒரே ஊரில் குடியிருந்து அடிக்கடி சந்தித்துக்கொண்டவர்கள் என்பதால் பேச்சு சுலபமாக நடந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1980களின் முடிவில்தான், சிதறிக் கிடந்த இந்தக் குழாய்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் சேர்த்துப் பார்த்து ஊரே வியந்தது. வளரும் நாடுகளில் 'சூழல் தொழிற்பூங்கா' என்று பெயர்ப்பலகை நட்டு, காம்பவுண்டு சுவர் எழுப்பி, பிறகு ஆலைகளைத் தேடும் திட்டங்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கலுண்ட்போரில் ஆலைகள் முதலில் இருந்தன, பரஸ்பர நம்பிக்கை அடுத்து வந்தது, பெயர் கடைசியில்தான் வந்தது.

◆ இந்தச் சங்கிலிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு கண்ணி மாறினால் அதைப் பிடித்திருக்கும் எல்லாம் ஆடும். அஸ்னெஸ் மின்நிலையத்தில் மரச்சில்லுகளை எரிக்கும் புதிய அலகு 2020ஐ ஒட்டி இயங்கத் தொடங்கியது. நிலக்கரி போவது நல்லதுதான். ஆனால் நிலக்கரியோடு கந்தகமும் போகிறது, கந்தகத்தோடு ஜிப்சமும் போகிறது. ஒரு கழிவை நம்பித் தொழில் தொடங்குபவர், அந்தக் கழிவு ஒருநாள் நின்றுபோகலாம் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

◆ கலுண்ட்போருக்கு இணையான ஒன்று நம் கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. புகளூரை அடுத்த காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டி.என்.பி.எல்., 1979இல் தொடங்கப்பட்டு 1984இல் உற்பத்திக்கு வந்தது. மூலப்பொருள் கரும்புச் சக்கை. சக்கை சர்க்கரை ஆலைகளிடம் இருந்தது. ஆனால் அவை அதைக் கொதிகலனில் எரித்துத்தான் நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையைக் கேட்டால் எரிபொருளுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? காகித ஆலை ஒரு மாற்று ஏற்பாட்டை முன்வைத்தது. எரிபொருளையோ நீராவியையோ நாங்கள் தருகிறோம், சக்கையை எங்களுக்குத் தாருங்கள் என்பதே அது. இப்படிக் கூழுக்காகத் தனியாக மரம் வெட்டும் தேவை பெருமளவு குறைந்தது.

சக்கையைக் கழுவிய நீரிலிருந்து மீத்தேன் எடுத்துச் சுண்ணாம்புச் சூளையில் எரிக்கிறார்கள். சுத்திகரித்த நீர் பாசனத்துக்குப் போகிறது. சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் கொண்டு சிமென்ட் செய்ய ஆலை வளாகத்திலேயே பிரிவு தொடங்கினார்கள். ஈரோட்டுப் பக்கம் பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலையும் பொன்னி சர்க்கரை ஆலையும் அடுத்தடுத்து அமைந்திருப்பதும் இதே ஏற்பாட்டின் இன்னொரு வடிவம். வெளிநாட்டுப் பாடநூல்களில் கலுண்ட்போர் இருக்கிறது. நம் பொறியியல் கல்லூரிப் பாடத்தில் காகிதபுரம் எத்தனை பக்கம் இருக்கிறது என்று ஆசிரியர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

◆ டென்மார்க்கில் குளிர்பானம் வாங்கினால் பாட்டிலுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். பாட்டில் மீது 'பாண்ட்' என்ற முத்திரையும் ஏ, பி, சி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். ஏ என்றால் 1 குரோன், பி என்றால் 1.50, சி என்றால் 3. கடை வாசலில் இருக்கும் இயந்திரத்தில் காலிப் பாட்டிலைப் போட்டால் அது முத்திரையையும் பட்டைக்குறியீட்டையும் படித்து ரசீது தரும். அந்த ரசீதைக் காட்டிப் பணமாகவோ மளிகையாகவோ வாங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி பாட்டில்களும் கேன்களும் இப்படித் திரும்புகின்றன. பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் வந்து சேர்ந்துவிடுகிறது.

◆ இந்த ஏற்பாட்டுக்காக டென்மார்க் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. பியரும் குளிர்பானமும் திரும்பப் பெறக்கூடிய கலனில்தான் விற்கப்பட வேண்டும் என்று 1981இல் அந்த நாடு விதி போட்டபோது, வெளிநாட்டுச் சரக்குக்கு இது தடை என்று ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1988இல் வந்த தீர்ப்பு முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறையை ஏற்றுக்கொண்டது. அதோடு சேர்ந்திருந்த சில கட்டுப்பாடுகளை மட்டும் தள்ளிவிட்டது. சுற்றுச்சூழலைக் காக்கும் நோக்கம், தடையற்ற வாணிபத்துக்கு ஓரளவு எல்லை போடலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன முக்கியமான வழக்கு அது. டென்மார்க் பானக் கேன்களை 2002 வரை கடைக்குள்ளேயே விடவில்லை.

◆ கோபன்ஹேகன் தெருக்குப்பைத் தொட்டிகள் பலவற்றின் பக்கவாட்டில் ஒரு சிறு தட்டு பொருத்தியிருப்பார்கள். பாட்டிலை மாற்றப் பொறுமை இல்லாதவர் அதில் வைத்துவிட்டுப் போகலாம். பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர் தொட்டிக்குள் கை விடாமல் எடுத்துக்கொள்ளலாம். உடைந்த கண்ணாடி கையைக் கிழிக்காது. செலவு மிகக் குறைவு, மரியாதை மிகப் பெரிது. இந்தக் கட்டுரையில் நம் ஊருக்கு உடனே கொண்டுவரக்கூடிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்தத் தட்டைத்தான் சொல்வேன்.

◆ பாட்டிலைத் திருப்பித் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோலி சோடாவைக் கடையிலேயே குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துப் போனது ஒரு தலைமுறை. பிளாஸ்டிக் பாட்டில் வந்து அந்தப் பழக்கத்தை மறக்கடித்தது.

◆ அந்தப் பழக்கம் நீலகிரியில் திரும்பி வந்த கதை சுவையானது. காடுகளில் வீசப்படும் மதுபாட்டில் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் அழுத்தம் கொடுத்த பிறகு, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பியது. பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

டென்மார்க்கோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். அங்கே எண்ணுவது இயந்திரம். இங்கே கடை ஊழியர் ஒவ்வொரு பாட்டிலையும் வாங்கி, வில்லை பார்த்து, அடுக்கி, சில்லறை கொடுக்க வேண்டும். கூடுதல் ஆளும் இடமும் வேண்டும் என்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் குரல் எழுப்பியது நியாயமானது. பொருள் திரும்பி வருவதும் ஒரு வேலைதான். வேலை என்றால் கூலி வேண்டும்.

◆ பிளாஸ்டிக் பைக்கு 1990களின் தொடக்கத்திலேயே வரி போட்ட நாடு டென்மார்க். தமிழ்நாட்டில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது.

◆ டென்மார்க்கில் வீட்டுக் குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும். உணவு, காகிதம், அட்டை, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், பான அட்டைப்பெட்டி, துணி, ஆபத்தான கழிவு, மிச்சம். நாடு முழுக்க ஒரே படக்குறிகள் என்பதால் ஊர் மாறிக் குடிபோனாலும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. துணியைத் தனியாகச் சேகரிப்பது 2023இல் சேர்ந்தது.

◆ அப்படியானால் டென்மார்க் சொக்கத்தங்கமா? இல்லை. ஆண்டுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 800 கிலோ நகராட்சிக் கழிவு சேரும் நாடு அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி 500 கிலோவுக்குச் சற்று மேல்தான். ஒரு நாடு பயன்படுத்தும் மொத்தப் பொருளில் மறுசுழற்சியிலிருந்து வருவது எவ்வளவு என்று 2023இல் கணக்கிட்ட அறிக்கை டென்மார்க்குக்குக் கொடுத்த மதிப்பெண் 4 விழுக்காடு. அதே ஆண்டு உலகச் சராசரி 7.2 விழுக்காடு. பாட்டிலைத் திருப்பித் தருவதில் முன்வரிசையில் நிற்கும் நாடு, மொத்த நுகர்வுக் கணக்கில் உலகச் சராசரிக்கும் கீழே நிற்கிறது. வாங்கிக் குவிப்பதைக் குறைக்காமல் வடிகட்டியை மட்டும் நல்லதாக வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும். வளரும் நாடுகள் டென்மார்க்கின் இயந்திரங்களைப் பார்க்கலாம், அதன் ஷாப்பிங் பையைப் பார்த்துப் பின்பற்றக் கூடாது.

◆ கோபன்ஹேகனில் குப்பை எரிக்கும் உலையின் கூரையில் பனிச்சறுக்கு விளையாடலாம். அமாகர் பக்கே என்ற அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் பியார்க்கே இங்கெல்ஸ். உலை 2017இல் இயங்கத் தொடங்கியது, கூரைச் சறுக்கு 2019இல் திறந்தது. படம் உலகெங்கும் பரவியது. சொல்லப்படாத பகுதி என்னவென்றால், உலைகளின் பசிக்கு உள்ளூர்க் குப்பை போதாமல் டென்மார்க் வெளிநாட்டிலிருந்து குப்பையை வரவழைத்து எரித்தது. 2020இல் எரிக்கும் திறனைச் சுமார் 30 விழுக்காடு குறைப்பதாக அரசியல் கட்சிகள் உடன்பட்டன. நம் மாநகராட்சிகள் எரிஉலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் இந்த இரண்டாம் பாதியையும் படிப்பது நல்லது. நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக்கழிவு. அது எரியாது, மக்கும்.

◆ உலகிலேயே பெரிய நிவாரணப் பொருள் கிடங்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆப்பிரிக்கா என்றோ துபாய் என்றோ தோன்றும். கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருக்கிறது. ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃபின் கிடங்கு அது. சுமார் 20,000 சதுர மீட்டர் பரப்பு. உள்ளே உயரமான அடுக்குகளிலிருந்து சரக்கை எடுப்பதும் வைப்பதும் தானியங்கி இயந்திரங்கள். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கான தடுப்பூசிகளை வாங்கி அனுப்பும் பொறுப்பு யுனிசெஃபுடையது. அந்தக் கொள்முதலை நடத்துவது இந்த நகரத்து அலுவலகம். தடுப்பூசி போகும் பாதையில் ஒரே ஓர் இடத்தில் குளிர்ச்சி போனாலும் மருந்து வீண். மின்சாரம் நம்ப முடியாத ஊர்களுக்கு, மின்கலமே இல்லாமல் சூரிய ஒளியில் நேரடியாக ஓடி, உள்ளே பனியை உறைய வைத்து இரவைத் தாண்டும் குளிர்பெட்டிகளை டென்மார்க்கின் எஸ்பியார் நகரத்து வெஸ்ட்ஃப்ராஸ்ட் நிறுவனம் செய்கிறது. மின்கலம் இல்லை என்றால் சில ஆண்டுகளில் குப்பையாகும் ஈயமும் இல்லை.

◆ கொசுவலைக்குப் பேர்போன வெஸ்டர்கார்ட் நிறுவனம் டென்மார்க்கில் சீருடை தைக்கும் தொழிலாக 1957இல் தொடங்கியது. நிவாரணத் துறைக்குள் அது நுழைந்தது 1990களின் தொடக்கத்தில். சுவீடன் ராணுவக் கிடங்கில் தேங்கிக் கிடந்த துணியை வாங்கி, போர்வைகளாகத் தைத்து அனுப்பினார்கள்.

◆ கோபன்ஹேகனில் 2016 பிப்ரவரியில் 'வீஃபுட்' என்ற கடை திறந்தது. உறை நசுங்கியவை, லேபிள் தவறாக ஒட்டியவை, மேலட்டையில் போட்ட தேதி நெருங்கியவை என்று மற்ற கடைகள் ஒதுக்கும் உணவைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். லாபம் வறிய நாடுகளில் நடக்கும் உதவிப் பணிக்குப் போகிறது. நடத்துவது ஒரு தேவாலய நிவாரண அமைப்பு.

◆ இனி துணிக்கு வருவோம். இது நம் வீட்டு விஷயம்.

உலக ஆடைத் தொழில் கூடிப் பேசும் மாநாடு 2009 முதல் கோபன்ஹேகனில் நடந்துவருகிறது. அதை நடத்தும் குளோபல் ஃபேஷன் அஜெண்டா என்ற அமைப்பு, டென்மார்க் அரசு தொடங்கிவைத்த பி4ஜி கூட்டமைப்பின் ஆதரவோடு வங்கதேசத்தில் ஒரு திட்டத்தை இறக்கியது. ஆடை ஆலையில் வெட்டும்போது விழும் துணுக்குத் துணியை வகை பிரித்து, எந்த ஆலையில் எந்தத் துணி எவ்வளவு விழுந்தது என்று கணினியில் பதிந்து, நூலாக மாற்றும் ஆலைக்கே நேராக அனுப்புவதுதான் திட்டம். 2019இல் வங்கதேச ஆடை, துணி ஆலைகளில் மட்டும் 5,77,000 டன் கழிவு விழுந்ததாகவும், அதில் 2,50,000 டன் கலப்பில்லாத பருத்தி என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். பருத்திக்கு ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருக்கும் நாடு அது. காசு கொடுத்து இறக்கிய பருத்தியின் ஒரு பங்கு வெட்டு மேசையிலிருந்து கழிவாக வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி மலிவு விலையில் வேறு நாடுகளுக்குப் போகிறது.

கணினிப் பதிவு இங்கே எதற்கு? கலந்த துணிக்கு விலை கிடையாது. வெள்ளைப் பருத்தியில் ஒரு பிடி பாலியெஸ்டரோ எலாஸ்டேனோ கலந்துவிட்டால் அந்த மூட்டையே நூலுக்கு ஆகாது. வெட்டு மேசையிலேயே பிரித்துக் கட்டி, மூட்டைக்கு அடையாளம் போட்டு, கடைசி வரை அந்த அடையாளம் தொலையாமல் பார்த்தால்தான் ஆலைக்கு நம்பிக்கை வரும்.

◆ வங்கதேசம் கட்டமைக்க முயலும் இந்தச் சங்கிலி கொங்கு நாட்டில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வியாபாரிகளிடம் போகும். பெண்கள் தரையில் அமர்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். கிழிக்கும் இயந்திரத்தில் போட்டுப் பஞ்சாக்கி, கோவை, பல்லடம், உடுமலை, வெள்ளக்கோவில் வட்டாரத்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாக்குவார்கள். அந்த நூல் கரூரிலும் ஈரோட்டிலும் சென்னிமலையிலும் போர்வையாகும், மிதியடியாகும், சமையலறைத் துணியாகும், கையுறையாகும்.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் நிறம்தான். சிவப்புத் துணியிலிருந்து சிவப்புப் பஞ்சு, சிவப்புப் பஞ்சிலிருந்து சிவப்பு நூல். மறுபடி சாயம் போட வேண்டியதில்லை. சாயம் இல்லை என்றால் உப்பும் இல்லை, அந்த உப்பைக் கழுவும் தண்ணீரும் இல்லை. நொய்யல் ஆற்றின் கதை தெரிந்தவருக்கு இதன் அருமை சட்டென்று புரியும்.

◆ அந்தக் கதை இதுதான். பாசனத்துக்காகக் கட்டி 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளில் சாயக்கழிவு நீர்த் தேக்கமானது. கீழே இருந்த உழவர்கள் வழக்குக்கு மேல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாது என்று காட்டினால்தான் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு. ஊரே தவித்தது. வேலை இழந்து பலர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு எதிர்ச் சவ்வூடு பரவலாலும் ஆவியாக்கிகளாலும் நீரின் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை நிலைபெற்றது. உப்புக் கரைசலும் திரும்புகிறது. இந்த அளவில் இப்படிச் செய்யும் ஆடை நகரம் உலகில் வேறெங்கும் காண்பது அரிது.

செலவு கிலோவுக்குக் கிலோ ஏறியது. அதை வாங்குபவரான வெளிநாட்டு பிராண்டு விலையில் சேர்த்துக் கொடுத்ததா? திருப்பூர் உற்பத்தியாளர்கள் நெடுநாளாகக் கேட்கும் கேள்வி இது. கோபன்ஹேகன் மேடையில் நிலைத்த வளர்ச்சி பற்றிப் பேசும் ஒவ்வொரு பிராண்டும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. மீட்கப்படாமல் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டைகள் இன்னும் கிடங்குகளில் அடுக்கியபடியே இருக்கின்றன.

◆ ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொருளுக்கு இனி டிஜிட்டல் கடவுச்சீட்டு வரப்போகிறது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. சட்டையில் உள்ள குறியீட்டைச் செல்பேசியில் காட்டினால் என்ன இழை, எங்கே செய்தது, எப்படிப் பிரித்து மறுபயன்பாடு செய்யலாம் என்ற விவரம் தெரிய வேண்டும். மின்வாகன மின்கலங்களுக்கு 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது, துணிகள் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. விற்காத ஆடையை அழிக்கப் பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூலை முதல் தடை. பெரிய ஏற்றுமதியாளருக்கு இதற்கென ஒரு தனிப்பிரிவு இருக்கும். பத்துத் தையல் இயந்திரம் வைத்து ஜாப்வொர்க் செய்பவரின் கணக்கு இன்னும் நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. அவர் கைக்கு எளிய தமிழ்ச் செயலி ஒன்று போய்ச் சேராவிட்டால், சங்கிலியிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிவிடப்படுவது அவராகத்தான் இருக்கும்.

◆ மெத்தனாலில் ஓடும் உலகின் முதல் சரக்குப்பெட்டகக் கப்பல் 'லாரா மேர்ஸ்க்'. 2023 செப்டம்பரில் கோபன்ஹேகனில் பெயர் சூட்டினார்கள். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் உரிமையாளரான டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனத்தின் முந்தைய முயற்சி. 2013இல் வந்த டிரிபிள்-ஈ வகைக் கப்பல்களுக்கு, எந்தப் பகுதியில் எந்தத் தர உருக்கு என்று பதியும் ஓர் ஆவணத்தைக் கட்டும்போதே தயாரித்தார்கள். ஒரு கப்பலில் ஏறத்தாழ 60,000 டன் உருக்கு இருக்கிறது. தரம் தெரியாமல் உருக்கினால் மலிவான கம்பியாகும், தெரிந்து பிரித்தால் மறுபடி கப்பல் தகடாகும்.

கப்பல்கள் கடைசியில் எங்கே வருகின்றன? பெரும்பாலும் குஜராத்தின் அலாங், வங்கதேசத்தின் சிட்டகாங், பாகிஸ்தானின் கடானி. அங்கே கரையில் ஏற்றி, கேஸ் கட்டரால் வெட்டுகிறார்கள். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. 2009இல் எழுதப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை, பாதுகாப்பான கப்பல் உடைப்புக்கான விதிகளோடு 2025 ஜூன் 26 அன்றுதான் நடப்புக்கு வந்தது. டென்மார்க் 2017லும் இந்தியா 2019லும் சேர்ந்தன. விதி வந்துவிட்டது, அதைக் கரைமணல் வரை கொண்டுபோகும் பொறுப்பு இருதரப்புக்கும் உண்டு.

◆ கடலில் காற்றாலைப் பண்ணை அமைத்த முதல் நாடும் டென்மார்க்தான். 1991இல் விண்டெபியில் 11 காற்றாலைகள் நின்றன. 2017இல் அவற்றை இறக்கினார்கள். உருக்கும் செம்பும் சுலபமாக விலை போகும். சிக்கல் இறக்கைகளில் இருக்கிறது. கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் இறுகி ஒன்றானவை, உருகாதவை. எபாக்சியை வேதிமுறையில் கரைத்து மறுபடி மூலப்பொருளாக்கும் வழி கண்டிருப்பதாக வெஸ்டாஸ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. ஓல்போர் துறைமுகத்தில் பழைய இறக்கை ஒன்று சைக்கிள் நிறுத்தத்துக்குக் கூரையாகி நிற்கிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. கயத்தாறிலும் முப்பந்தலிலும் 1990ஐ ஒட்டி எழுந்த தொடக்ககாலக் காற்றாலைகளில் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு வந்தவையும் இருந்தன. அந்தத் தலைமுறைக் காற்றாலைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவற்றை மாற்றிப் பெரியவை நடுவதற்குத் தமிழ்நாடு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. கழற்றும் இறக்கைகளை யார் எடுப்பது, எங்கே அரைப்பது, அரைத்த தூள் சிமென்ட் ஆலைக்குப் போகுமா என்பதையெல்லாம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இப்போதே பேசி முடித்தால் நல்லது. 2020 செப்டம்பரில் இந்தியாவும் டென்மார்க்கும் அறிவித்த பசுமைக் கூட்டாண்மையில் இதைவிடப் பொருத்தமான பேச்சு இருக்க முடியாது.

◆ கடைசியாக ஒன்று. டென்மார்க் ஆட்சியில் 1620 முதல் 1845 வரை இருந்த தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதமோ கப்பலில் வர வேண்டிய அரிய பொருள். சிறிய எழுத்து வார்க்க உலோகம் தேவைப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காகிதத்துக்குப் பக்கத்துப் பொறையாறில் ஆலை ஒன்றையும் தொடங்கினார்கள். எழுத்து சிறுத்ததால் ஒரு பக்கத்தில் அடங்கும் வரிகள் கூடின, காகிதச் செலவு குறைந்தது.